ஆட்டுக்குட்டித் தீவு

அக்டோபர் 14, செவ்வாய்

மழை. பாய்லர் மறுபடி நின்றுவிட்டது. பழுது பார்க்கிறவர் வியாழக்கிழமைதான் வருவாராம். வீட்டில் சூடாக இருக்கிற ஒரே இடம் அடுப்படி. மேஜையையும் நாற்காலியையும் இங்கே இழுத்துப் போட்டுவிட்டேன்.

காலையில் ஒரு அடக்கப் பூசை. மத்தியானம் பள்ளிக்கூடம். சாயங்காலம் ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கோயில். வந்திருந்தவர்களை விட மெழுகுவத்திகள் அதிகம். நான்கு கோயிலுக்கும் நான் ஒருவன்தான் சாமியார். இந்த ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளைக் குருமடத்துக்கு அனுப்புவதை நிறுத்தி வெகுகாலமாகிறது. அதனால் தூத்துக்குடிக்குத் தெற்கே புன்னைத்துறையில் பிறந்த இஞ்ஞாசி, அயர்லாந்தில் ஃபினாரா ஏரிக்கரையில் பூசை வைத்துக்கொண்டிருக்கிறேன். இக்னேஷியஸ் என்று முழுக்கச் சொல்ல இவர்களுக்குப் பொறுமையில்லை. ஃபாதர் இக்கி.

ஜெசிந்தா அக்கா கூப்பிட்டிருந்தாள். நாளை பேச வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

பாய்லர் ஓடுகிறது. சத்தம்தான் பலமாக இருக்கிறது.

ஜார்லத் டூலி வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஊர்க் கமிட்டித் தலைவர். ஏரியில் இருக்கிற தீவுகளின் பெயர்களையும் கதைகளையும் எழுதி, படகுத்துறையில் ஒரு பெரிய பலகை வைக்கப் போகிறார்களாம். வரைபடத்தைச் சுருட்டி எடுத்து வந்திருந்தார்.

"நடக்க முடியாதவங்க வீட்டுக்கெல்லாம் நற்கருணை கொண்டு போறீங்கல்ல ஃபாதர். போற இடத்துல இதைக் கொஞ்சம் காட்டுங்க. பேரெல்லாம் சரியான்னு பழைய ஆளுங்கதான் சொல்லணும்."

"நீங்களே கேட்கலாமே."

"என்கிட்ட பேச மாட்டாங்க. அவங்க பிள்ளைங்க எல்லாம் என்கிட்ட அடி வாங்கினவங்க."

முடியாது என்று சொல்லக்கூடத் தெம்பில்லை. வாங்கி வைத்தேன்.

அக்கா மறுபடி கூப்பிட்டாள். பூசைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இன்று மாலைப் பூசை இல்லை.

அக்டோபர் 23, வியாழன்

வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தாயிற்று. நினைத்ததை விடப் பரவாயில்லை. படுக்கையை விட்டு எழாதவர்கள்கூடப் படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கேட்கிறார்கள்.

இவர்களுடைய பழைய மொழியில் இல்லான் என்றால் தீவு. கிழவித் தீவு என்று ஒன்று. ராட்சசக் கிழவி ஒருத்தி முன்றானை நிறையக் கல்லை அள்ளிக்கொண்டு ஏரியைத் தாண்டினாளாம். முடிச்சு அவிழ்ந்து கல் விழுந்த இடம்தான் தீவு என்கிறார்கள் ஒரு வீட்டில். முடிச்செல்லாம் அவிழவில்லை, புருஷன்மேல் எறிந்தாள் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

குதிரைத் தீவில், ஏரிக்குள்ளிருந்து ஒரு குதிரை வந்து குடியானவனுக்கு உழுது கொடுத்ததாம். ஒருநாள் அவன் சாட்டையை எடுத்தான். குதிரை ஏரையும் அவனையும் இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. வடிசாலைத் தீவில் கள்ளச்சாராயம் காய்ச்சினார்கள். போலீஸ் வந்தபோது ஊறலை ஏரியில் கொட்ட, அன்னங்கள் குடித்துவிட்டு ஒரு வாரம் நேராக நீந்தவில்லை. சொன்ன கிழவர் சிரித்துச் சிரித்து இருமினார். நற்கருணை கொடுக்கப் போனவன் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

வடக்கோரத்தில் ஆட்டுக்குட்டித் தீவு என்று சின்னதாக ஒன்று இருக்கிறது. அதற்கு மட்டும் யாரிடமும் கதை இல்லை. "ஆமா, அது ஆட்டுக்குட்டி" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போய்விடுகிறார்கள்.

அக்டோபர் 25, சனி

அக்காவிடமிருந்து பார்சல். அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்குச் சட்டம் போட்ட படம். எனக்கும் ஒன்று போட்டிருக்கிறாள். பிரிக்கவில்லை. கத்தரிக்கோலைக் காணோம்.

அக்டோபர் 26, ஞாயிறு

பூசை, பூசை, பூசை, பூசை. மத்தி டின்னை உடைத்துக் குழம்பு வைத்தேன். சாப்பிடவில்லை.

யாரோ வாசலில் கேட்டார்கள், ஊருக்கு எப்போது போகிறீர்கள் ஃபாதர் என்று. செப்டம்பரில் போக முடியவில்லை, மாற்றுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றேன். உண்மைதான். அந்த வாரம் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல், ஆயர் வந்திருந்தார். அம்மா அடக்கத்தை அக்கா போனில் காட்டினாள். நின்று நின்று வந்தது.

அக்டோபர் 30, வியாழன்

யூனா ஹெஃபர்னன் வீட்டுக்கு இன்றுதான் போக முடிந்தது. எண்பதைத் தாண்டிய அம்மாள், தனியாக இருக்கிறார். மூட்டு மோசம், வாய் நன்றாக இருக்கிறது. போன மாதம் என் பிரசங்கம் நீளம் என்று சொன்னவர்.

அடுப்படி மேஜையில் வரைபடத்தை விரித்தேன். ஜன்னலுக்கு வெளியே ஏரி. தோட்டத்து ஓரத்தில் அடியோடு வெட்டிய வேலிச் செடிகளின் கட்டைகள் வரிசையாக நின்றன. யூனா எல்லாத் தீவையும் விட்டுவிட்டு ஆட்டுக்குட்டித் தீவின்மேல் விரலை வைத்தார்.

"இது பேர் இல்லை."

"எல்லாரும் ஆட்டுக்குட்டின்னுதானே சொல்றாங்க."

"அங்க ஆடு மேஞ்சதே இல்லை ஃபாதர். இல்லான் நா லானவ். அதான் பேர். லானவ்னா என்னன்னு தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"குழந்தை. வரைபடம் போட வந்த பட்டாளத்துக்காரன் காதுல 'லாம்'னு விழுந்திருக்கு. ஆட்டுக்குட்டின்னு இங்கிலீஷ்ல எழுதிட்டுப் போயிட்டான். எங்க ஆளுங்க யாரும் திருத்தல. திருத்தினா என்ன குழந்தை, ஏன் அங்கன்னு சொல்ல வேண்டியிருக்குமே."

ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்னால் இறந்த குழந்தைகள். கோயில் கல்லறையில் அவர்களுக்கு இடம் கிடையாது. அது அந்தக் காலத்து வழக்கம். தகப்பன்மார் இருட்டில் படகில் கொண்டுபோய் அந்தத் தீவில் புதைத்துவிட்டு வருவார்கள். பூசை இல்லை, மணி இல்லை.

யூனா டீயை ஊற்றிக்கொண்டே சொன்னார். தலைச்சன், பெண். செத்தே பிறந்தது. "நான் படுக்கையில இருந்து எழல. எங்க வீட்டுக்காரர் பாக்கி ஒரு பெட்டி செஞ்சார். சுத்தியல் சத்தம் கேட்டுச்சு. விடியறதுக்குள்ள போய்ட்டு வந்து, கையைக் கழுவிட்டு, பால் கறக்கப் போயிட்டார். எந்த இடம்னு அவர் சொல்லல. நான் கேக்கல. அந்த வசந்தத்துல இங்க வேலிச் செடி நட்டார், ஜன்னல்ல இருந்து ஏரி தெரியாத மாதிரி. எனக்காகத்தான் நட்டார். அப்புறம் அஞ்சு பிள்ளைங்க. செடி இந்த உயரம் வளர்ந்துச்சு."

"இப்ப இல்லையே."

"அவர் அடக்கம் முடிஞ்ச மறுவாரம் ஆளை வரச் சொல்லி வெட்டிட்டேன்."

பிறகு கேட்டார். தன்னை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும். நான் வந்து சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான்.

குளிர் போகட்டும், மார்ச்சில் பார்க்கலாம் என்றேன். சொல்லும்போதே எனக்கே பிடிக்கவில்லை. யூனா என் கோப்பையை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.

நவம்பர் 1, சனி

சகல புனிதர் திருநாள். மாலையில் ஜார்லத் வரைபடத்தை வாங்க வந்தார். கிழவித் தீவுச் சண்டையைக் கேட்டுச் சிரித்தார். ஆட்டுக்குட்டித் தீவின் பக்கத்தில் பென்சிலால் நான் எழுதியிருந்ததைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வேண்டாம் ஃபாதர்."

"இதுதான் உண்மையான பேர் என்கிறார் யூனா."

"பேர் எனக்கும் தெரியும். ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டே படிக்கிற பலகை இது. யாரோ வந்து அது முன்னால நின்னு போட்டோ எடுப்பான்."

"யூனா கேக்குறாரே."

"யூனா கேக்கலாம். மத்தவங்க கேக்கல. எந்த வீட்டுக் குழந்தை அங்க இருக்குன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கிறதில்ல. நாங்க ஒருத்தருக்கொருத்தர் காட்டுற மரியாதை அது."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அழிப்பானை எடுத்துக் கொடுத்தேன். அவர் அழிக்கவில்லை, சுருட்டிக்கொண்டு போனார்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். நான்கு கல்லறைத் தோட்டங்களிலும் தீர்த்தம் தெளித்து முடிக்கும்போது மழையில் சட்டை உள்ளே வரை நனைந்துவிட்டது. வந்ததும் நானாகவே அக்காவைக் கூப்பிட்டேன். பயந்துவிட்டாள்.

"என்ன தம்பி, உடம்புக்கு ஏதும் இல்லையே?"

"ஒண்ணுமில்ல. கல்லறைக்குப் போனியா?"

"போனேன். அம்மாவுக்குப் பூ போட்டு மெழுகுவத்தி ஏத்தியாச்சு. நல்ல கூட்டம். நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். பிறகு கேட்டேன். "நம்ம ஊர்ல ஞானஸ்நானத்துக்கு முந்தி செத்துப்போற பிள்ளைகள எங்கக்கா வைப்பாங்க?"

நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.

"இப்பம்லாம் உள்ளதான் வைக்காங்க. அப்பம் மதிலுக்கு வெளிய. அந்த உடைமரத்து மூட்டுல."

உடைமரத்தடியில் அம்மா ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் ஒரு மெழுகுவத்தி வைப்பாள். பார்த்திருக்கிறேன். யாருக்கு என்று கேட்டால், அநாதையாகப் போன ஆத்துமாக்களுக்கு என்பாள்.

"அம்மா அங்க யாருக்கு வைப்பா, அக்கா?"

"நமக்கு நடுவுல ஒரு பையன் பொறந்தான், தம்பி. ஒருநாள்கூட முழுசா இருக்கல. பேர் வைக்கல. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டா. சாமியாருக்குப் படிக்கப் போற பிள்ளை, மனசு சங்கடப்படும்னா."

"இன்னைக்கு அங்க…"

"வச்சிட்டுத்தான் வந்தேன்."

நவம்பர் 3, திங்கள்

எனக்கு விடுமுறை நாள். சட்டையெல்லாம் துவைத்துக் காயப்போட்டேன். இங்கே எதுவும் காய்வதில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

டோனல் மல்லோயைப் பார்க்கப் போனேன். மீன் பிடிக்க வருகிற வெளியூர்க்காரர்களைப் படகில் கூட்டிக்கொண்டு போகிறவர். அறுபதுக்கு மேல் இருக்கும். குளிர்காலத்துக்காகப் படகைக் கரையில் கவிழ்த்து வைத்திருந்தார்.

"இந்த மாசம் யாரும் ஏரிக்குள்ள போறதில்ல ஃபாதர். எங்க போகணும்?"

"இல்லான் நா லானவ்."

நான் உச்சரித்தது தப்பாக இருந்திருக்கும். ஆனாலும் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"யூனாவா?"

"ஆமா."

"அன்னைக்கு பாக்கியைக் கூட்டிட்டுப் போனது எங்கப்பா. அப்பா படகை விட்டு இறங்கலையாம். முதுகைக் காட்டிக்கிட்டே உக்காந்திருந்தாராம். இடம் பாக்கக்கூடாதுன்னு. சாகற வரைக்கும் அந்தப் பக்கம் தூண்டில் போடல." படகின் அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தார். "காத்து இறங்கட்டும். சொல்லி அனுப்பறேன்."

யூனாவிடம் போய்ச் சொன்னேன். "மார்ச்சுன்னீங்களே?" என்றார். அவ்வளவுதான். பிறகு எந்தக் கோட்டு போட்டுக்கொள்வது என்று ஆரம்பித்துவிட்டார்.

நவம்பர் 8, சனி

மூன்று நாளாகப் புயல். மேல் கோயிலில் ஓடு பறந்துவிட்டது. யூனாவுக்கு நெஞ்சுச் சளி, படுக்கையில் இருக்கிறார். டாக்டர் வெளியே போகக்கூடாது என்றாராம். "அவருக்கு என்ன, அவர் எங்க போகணும்" என்கிறார்.

நவம்பர் 10, திங்கள்

இன்னும் காற்று.

நவம்பர் 13, வியாழன்

விடிந்ததும் டோனல் கதவைத் தட்டினார். ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. "இன்னைக்கு விட்டா கிடையாது" என்றார்.

யூனா பச்சைக் கோட்டும் தலையில் ஸ்கார்ஃபுமாகத் தயாராக இருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. டோனல் அடுப்படி நாற்காலி ஒன்றைப் படகில் கட்டி, அவரைத் தூக்கி அதில் உட்கார வைத்தார். போர்வை போர்த்தினார். நான் எதிரே உட்கார்ந்தேன். கடலுக்குள் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இங்கே உப்பு வாசனை இல்லை, அலை இல்லை. துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

பாதி தூரம் போனதும் யூனா திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். "எவ்வளவு கிட்டக்க இருக்கு" என்றார். "ஜன்னல்ல இருந்து பாத்தா ரொம்பத் தூரமா தெரியும்."

தீவில் கரை ஏறுகிற இடம் முழுக்கப் பாசி பிடித்த பாறை. டோனல் இரண்டு விதமாக முயன்று பார்த்தார், முடியவில்லை. யூனாவே வேண்டாம் என்றார். "நான் இங்கயே இருக்கேன். நீங்க போங்க ஃபாதர். உள்ள எப்படி இருக்குன்னு வந்து சொல்லுங்க."

முட்செடிகளை விலக்கிக்கொண்டு போனேன். நடுவில் ஒரு சின்ன வெளி. புல். புல்லுக்குள் கற்கள். நட்டு வைத்த கற்கள், ஒன்றும் என் கணுக்கால் உயரத்துக்கு மேல் இல்லை. சிலவற்றின் அடியில் வெள்ளைக் கூழாங்கல் வைத்திருந்தது. எழுத்து எதிலும் இல்லை. எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். எல்லாக் கற்களுக்கும் தீர்த்தம் தெளித்தேன். கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது.

பாறைக்குத் திரும்பி வந்து, யூனா பார்க்கிற மாதிரி நின்றேன். "சுத்தமா இருக்கு" என்றேன். "மேற்குக் காத்து படாத இடம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கல் வச்சிருக்காங்க. வெள்ளைக் கூழாங்கல்லும் வச்சிருக்காங்க."

"வெள்ளையா?"

"ஆமா."

"எங்க கொல்லையில ஓடையில கிடக்கும். பாக்கி சட்டைப்பையில எப்பவும் ரெண்டு வச்சிருப்பார். ஏன்னு கேப்பேன். சும்மான்னுவார்."

குழந்தைக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். இதுவரை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். முதலில் எனக்குக் கேட்கவில்லை, டோனலுக்குத்தான் கேட்டது, தொப்பியைக் கழற்றினார். மறுபடி சத்தமாகச் சொன்னார். "டீலியா."

டீலியாவுக்காகவும் அங்கே இருக்கிற எல்லோருக்காகவும் செபித்தேன். கடைசியில் இறந்தவர்களுக்குச் சொல்கிற நித்திய இளைப்பாற்றி மட்டும் என்னவோ தமிழில் வந்துவிட்டது. முழுக்கச் சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரமானது. நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. யூனா என்ன மொழி என்று கேட்கவில்லை. ஆமென் மட்டும் சரியான இடத்தில் சொன்னார்.

திரும்பி வரும்போது படகுத்துறையில் ஜார்லத் தனியாக நின்றுகொண்டிருந்தார். எப்படித் தெரிந்ததோ. கயிற்றை வாங்கிக் கட்டினார். "தண்ணி எப்படி இருந்துச்சு?" என்று டோனலிடம் கேட்டார். "நல்லா இருந்துச்சு" என்றார் டோனல். யூனாவைக் கரைக்கு இறக்க ஜார்லத்தும் கை கொடுத்தார். யூனா அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டே, "நீயும் போய்ட்டு வா ஜார்லத்" என்றார்.

அவர் கையை உருவிக்கொண்டு, கட்டிய கயிற்றை மறுபடி இறுக்கினார்.

வீட்டுக்கு வந்து, பார்சலைக் கத்தியால் பிரித்தேன். அம்மா படத்தில் நீலச் சேலை. ஸ்டுடியோக்காரன் முகத்தை வெளுப்பாக்கிவிட்டான். பகலிலேயே படுத்துத் தூங்கிவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கடைசிப் பூசை முடிந்து திருவுடையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஜார்லத் உள்ளே வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நான் இரட்டையில ஒருத்தன் ஃபாதர்."

கழற்றிய அங்கியை மடிக்க ஆரம்பித்தேன்.

"அவன்தான் முதல்ல பொறந்தான். அழவே இல்ல. நான் அப்புறம். எங்கப்பா அவனை அங்க கொண்டு போயிட்டார். என்னைக் கோயிலுக்குக் கொண்டு வந்தாங்க, இதே கோயில். ஜார்லத்ங்கிற பேர் தலைப்பிள்ளைக்குன்னு எங்கம்மா எடுத்து வச்சிருந்த பேர். தாத்தா பேர். அவன் போனதால எனக்கு வச்சாங்க."

பாதி மடித்த அங்கியை மேஜைமேல் வைத்தேன்.

"சின்ன வயசுல, அடுப்படியில உக்காந்து பாடம் எழுதிக்கிட்டு இருப்பேன். எங்கம்மா கொல்லைக் கதவுல நின்னு ஏரியைப் பாத்து 'ஜார்லத்'னு கூப்பிடுவாங்க. 'நான் இங்க இருக்கேன்மா'ன்னு சொல்வேன். 'தெரியும், நீ எழுது'ன்னுவாங்க. அப்புறமும் கூப்பிடுவாங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தப் பேரைப் பலகையில எழுதினா நான் தினம் அதைத் தாண்டித்தான் பேப்பர் வாங்கப் போகணும். அதான் வேண்டாம்னேன். ஐஸ்கிரீம் எல்லாம் சும்மா."

டீ போட்டுக் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தார். போகும்போது, பலகைக்கு எழுத வேண்டியதை மாற்றிவிட்டதாகச் சொன்னார். இல்லான் நா லானவ். கீழே கதை எதுவும் வேண்டாம், பேர் மட்டும்.

நவம்பர் 18, செவ்வாய்

டோனலிடம் ஜார்லத் படகு கேட்டிருக்கிறார். எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. நான்கைந்து வீட்டிலிருந்து நாங்களும் வரலாமா என்று கேட்கிறார்கள். டீ போட எழுந்து போனவர்கள். டோனல் இன்னொரு படகுக்குச் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 22, சனி

கடும் குளிர், ஆனால் காற்றில்லை. இரண்டு படகிலும் ஆள் நிறைந்துவிட்டது. யூனா வரவில்லை. அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

டோனல் பாறையில் பலகை போட்டு வைத்திருந்தார். எல்லோராலும் இறங்க முடிந்தது. கற்களைப் பார்த்ததும் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பிறகு ஒவ்வொருவராகப் போய் ஏதோ ஒரு கல்லின் பக்கத்தில் நின்றார்கள். தங்களுடையது எது என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் நின்ற இடத்தில் இன்னொருவர் நிற்கவில்லை.

செபம் முடிந்து பெயர்களைச் சொல்லச் சொன்னேன். சிலர் மெதுவாகச் சொன்னார்கள். ஒரு கிழவர் மூன்று பெயர் சொன்னார். ஜார்லத் வாயைத் திறக்கவில்லை.

எல்லோரும் படகுக்குப் போன பிறகும் அவர் வெளியின் நடுவில் கோட்டுப் பையில் கைகளை வைத்துக்கொண்டு நின்றார். நான் முட்செடிக்கு இந்தப் பக்கம் காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆனது. பிறகு கூப்பிட்டார்.

"ஜார்லத்."

சின்னப் பையனைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டார். எங்கேயோ நாணலிலிருந்து ஒரு வாத்து கிளம்பிப் போனது. இன்னொரு தடவை கூப்பிட்டார்.

என் பக்கம் வந்தபோது முகம் முழுக்க நனைந்திருந்தது. துடைக்கவில்லை. "இனி எனக்கு நீங்க வேற பேர் வச்சுத்தான் ஆகணும் ஃபாதர்" என்றார்.

"ஒரு வீட்டுப் பிள்ளைங்க. ரெண்டு பேருக்கும் அதே இருக்கட்டும்" என்றேன்.

யோசித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். பாறை வழுக்கியது, என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.